36 பல் கேசட் மாட்டிய அனுபவம்: பின் டிரெய்லியர் எதுவரை தாங்கும்?

ஏற்றங்களில் முழங்கால் வலி தாங்காமல்தான் இந்த வேலையில் இறங்கினேன். என் ரோடு சைக்கிளில் முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு வளையங்கள் (50/34), பின்னால் 11-28 கேசட், அதாவது 11 பல் முதல் 28 பல் வரை பத்துச் சக்கரங்களின் அடுக்கு, 10 வேகம் (அந்தச் சக்கரங்களைத்தான் இங்கே பல் என்கிறேன்). சங்கிலியை ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தள்ளுவது டிரெய்லியர், அதில் சங்கிலியை இழுத்துப் பிடித்துத் தொங்கும் கூண்டு குட்டையானது. செங்குத்தான இடங்களில் எழுந்து நின்று மிதித்தால்தான் வண்டி நகரும். 11-36 கேசட் ஒன்று வாங்கி மாட்டினேன். அதுவும் 10 வேகம், ஹப்பில் சரியாக உட்கார்ந்தது. சங்கிலியும் டிரெய்லியரும் பழையதே.

ஸ்டாண்டில் ஏற்றிச் சுற்றும்போதே சத்தம் கேட்டது. 36-க்குப் போனதும் கூண்டில் உள்ள இரண்டு சிறு சக்கரங்களில் மேலே இருக்கும் ஜாக்கி வீல் பல்லில் உரசிக் கரகரவென்றது. டிரெய்லியரைப் பல்லிலிருந்து விலக்கும் பி-ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகினேன். உரசல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஏறும்போது மட்டும்தானே அந்தப் பல் வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன மேடு. முன்னால் பெரிய வளையத்தில் இருப்பதைக் கவனிக்காமல் பின்னால் 36-க்குத் தட்டினேன். பாதிச் சுற்றில் மிதி கல் மாதிரி நின்றுவிட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தால், சங்கிலி விறைத்துப்போய், டிரெய்லியர் கூண்டு முன்பக்கமாகக் கிடையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. டிரெய்லியரை ஃபிரேமோடு இணைக்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைந்து, கூண்டுக்கும் சக்கரக் கம்பிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் கூண்டு கம்பிக்குள் போயிருக்கும். ஃபிரேம் கெடாமல் இருக்கத்தான் ஹேங்கரை எளிதில் வளைகிற அலுமினியத்தில் செய்கிறார்கள். அன்றைக்கு அது ஃபிரேமைக் காப்பாற்றியது.

வீடு வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். முன் வளையங்களின் வித்தியாசம் 16, பின்பற்களின் வித்தியாசம் 25, கூட்டினால் 41. டிரெய்லியர் இழுத்துப் பிடிக்க வேண்டிய தளர்வு அவ்வளவு. அது அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் அதன் கொள்ளளவு. பழைய கேசட்டில் அது 33தான், குட்டைக் கூண்டு அதற்கே ஏற்றது. பெரிய பல் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பது இன்னொரு வரம்பு. இவை இரண்டும் வேறு வேறு. கடைகளில் பெரும்பாலும் பெரிய பல்லை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

சங்கிலி நீளத்தையும் நான் யோசிக்கவில்லை. சங்கிலி பல்லின் பாதிச் சுற்றைத்தான் தழுவும். 8 பல் கூடினால் 4 கண்ணி, ஒரு கண்ணி அரை அங்குலம், ஆக 2 அங்குலம் குறைந்திருக்கிறது. மிதி நின்றதற்கு அதுதான் காரணம்.

சரி, நீளக் கூண்டு வாங்குவோம் என்று 10 வேக மலைச் சைக்கிள் டிரெய்லியர் ஒன்றை வாங்கினேன். கைப்பிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டரும் 10, கேசட்டும் 10, இதுவும் 10. ஆனால் ஒரு தட்டுக்கு ஒரு பல் தாண்டவில்லை. இரண்டு பல்லுக்கு நடுவே நின்று தடதடத்தது. ஒரு மாலை முழுக்க கேபிளை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்தேன், பிடிபடவில்லை. ஷிமானோவின் பழைய 10 வேக ரோடு ஷிஃப்டர் ஒரு தட்டுக்குச் சுமார் 2.3 மிமீ கேபிள் இழுக்கும். பழைய ரோடு டிரெய்லியர் அதை 1.7 மடங்காக்கி நகரும், கிட்டத்தட்ட 3.9 மிமீ. அடுத்தடுத்த பற்களின் இடைவெளியும் அவ்வளவுதான். மலைச் சைக்கிளின் 10 வேக டிரெய்லியரோ 1.2 மடங்குதான் நகரும். 2.8 மிமீகூட வராது. அதை எந்தத் திருகும் சரிசெய்யாது.

கடைசியில் கைகொடுத்தது 9 வேக மலைச் சைக்கிள் டிரெய்லியர், நீளக் கூண்டு, கொள்ளளவு 45. அதன் விகிதம் 1.7தான். 9 என்று எழுதியிருக்கிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. எத்தனை தட்டு என்பது ஷிஃப்டருக்குள் இருக்கிறது, டிரெய்லியர் அது இழுத்த அளவுக்குப் போய் நிற்கிறது, அவ்வளவுதான். புதுச் சங்கிலியை டிரெய்லியருக்குள் விடாமல் பெரிய வளையம், பெரிய பல் இரண்டின் மேலும் சுற்றி, அதற்கு மேல் 2 கண்ணி சேர்த்து வெட்டினேன். மேல் ஜாக்கி வீலுக்கும் 36-க்கும் நடுவே 6 மிமீ ஆலன் கீ லேசாக நுழையும்படி பி-ஸ்க்ரூவை வைத்தேன். உரசல் நின்றது. இதே மாதிரி மாட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

* * *

நான் டிரெய்லியரை மாற்றவில்லை, ஹேங்கருக்குக் கீழே நீட்டிப்புத் துண்டு ஒன்றைப் போட்டு 11-40 மாட்டினேன். முன்னால் ஒற்றை வளையம் என்பதால் கொள்ளளவு பிரச்சினை இல்லை, 29தான் வருகிறது. 40-ல் அருமையாக ஓடுகிறது. ஆனால் 11, 13 பக்கம் கியர் சோம்பலாக மாறுகிறது, சில நேரம் இரண்டு மிதி கழித்துத்தான் விழும். துண்டு மொத்த டிரெய்லியரையும் கீழே இறக்கிவிடுவதால் சிறிய பற்களிலிருந்து ஜாக்கி வீல் ரொம்ப விலகிவிடுகிறது. ஏறுவதற்காகவே ஓட்டுகிறவர்களுக்கு இது போதும். கூட்டமாக வேகமாகப் போகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

* * *

மேலே சொன்ன சோம்பலுக்குக் காரணம் சாய்வு. டிரெய்லியரை நகர்த்தும் இணைகர வடிவக் கைகள் சாய்வாக இருப்பதால்தான் ஜாக்கி வீல் பல்லின் உயரத்தைத் தொடர்ந்தபடியே இறங்கி ஏறுகிறது. சன்டூர் என்ற ஜப்பானிய நிறுவனம் 1964-ல் கொண்டுவந்தது அது. காப்புரிமை முடிந்த பிறகு எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். 28 பல்லுக்கு வகுத்த சாய்வு 40-க்குப் பொருந்தாது. நீட்டிப்புத் துண்டு உயரத்தை மாற்றும், சாய்வை மாற்றாது.

நான் நெடும்பயணக்காரன். 48/36/26, பின்னால் 11-34. கணக்கு 45, என் கூண்டு அவ்வளவு எடுக்காது. ஆனாலும் பல வருடமாக ஓடுகிறது. சங்கிலியைப் பெரியது-பெரியதுக்குப் போதுமாக வைத்துவிட்டேன். 26-லிருந்து 11-க்குப் போனால் கீழே தொங்கிக் கூண்டில் தட்டும், அந்தக் கியர் எனக்குத் தேவையே இல்லை. தொங்கினால் சத்தம்தான். இறுகினால் என்ன ஆகும் என்று முதலில் எழுதியவர் சொல்லிவிட்டார்.

* * *

அண்ணா, என்னிடம் ஷிமானோவின் டியாக்ரா 4700 ஷிஃப்டர் இருக்கிறது, 10 வேகம். அந்த 9 வேக டிரெய்லியர் எனக்கும் சரிவருமா?

* * *

வராது தம்பி. 4700 எழுத்தில்தான் 10. அது கேபிள் இழுப்பது 11 வேக ரோடு ஷிஃப்டர் மாதிரி, விகிதம் 1.4 பக்கம் வரும். அதற்கு 11 வேக ரோடு வரிசையிலேயே நடுத்தரக் கூண்டாகப் பாருங்கள். ஷிமானோ 105 ஆர்7000-ன் ஜிஎஸ் (நடுத்தர) கூண்டு 34 பல்லும் 39 கொள்ளளவும் தாங்கும். 50/34-க்கு 11-34 போட்டால் சரியாக 39 வந்துவிடும். பழைய சங்கிலியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியை எடுக்கும் முன்னால் ஸ்டாண்டில் வைத்து, பெரியது-பெரியதுக்குக் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கூண்டு முன்பக்கம் சாய்ந்தாலும் இரண்டு ஜாக்கி வீல்களிலும் சங்கிலி ஒரு வளைவோடு ஓட வேண்டும். நேர்கோடாக நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.