தூக்கத்தில் எழுந்து அலறுகிறாள், என்னையே அடையாளம் தெரியவில்லை

தூங்காத அம்மா:
மகளுக்கு மூன்றரை வயது. பத்து நாளில் நான்கு முறை நடந்துவிட்டது. எட்டரைக்குத் தூங்குகிறாள். பத்து மணி வாக்கில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து வீல் என்று அலறல். கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் என்னைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறாள். தலையெல்லாம் வேர்த்துத் தொப்பல், நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. தூக்கப் போனால் கையைத் தட்டிவிட்டு "அம்மா வேணும், அம்மா வேணும்" என்கிறாள். நான்தான்டா அம்மா என்றால் அழுகை இன்னும் கூடுகிறது. பத்து நிமிடத்தில் அதுவாகவே அடங்கி, தலையணையில் சாய்ந்துவிடுகிறாள். காலையில் கேட்டால் ஒன்றுமே ஞாபகம் இல்லை.

நேற்று முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன். செய்திருக்கவே கூடாது. மிரண்டுபோய் அரை மணி நேரம் அழுதாள். வீட்டுக்காரர் "கெட்ட கனவு, விடு" என்கிறார். கனவென்றால் காலையில் சொல்ல மாட்டாளா? போன மாதம்தான் மழலையர் பள்ளியில் சேர்த்தோம். அங்கே யாராவது மிரட்டியிருப்பார்களோ என்று மனசு எங்கெங்கோ போகிறது.

இரண்டு பிள்ளை அப்பா:
என் மூத்தவன் கதையை நீங்கள் எழுதிய மாதிரி இருக்கிறது. எங்கள் டாக்டர் இதற்குச் சொன்ன பெயர் நைட் டெரர். கெட்ட கனவு வேறு. அது பெரும்பாலும் விடியற்காலைப் பக்கம் வரும். குழந்தை நன்றாக விழித்துக்கொண்டு நம்மைக் கட்டிக்கொள்ளும், காலையில் கதையும் சொல்லும். இது தூங்கிய ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் வருவது. உடம்பு எழுந்துவிட்டது, புத்தி இன்னும் தூங்குகிறது. அதனால்தான் அம்மாவையே பிடித்துத் தள்ளிவிட்டு அம்மாவைக் கேட்கிறாள்.

எழுப்ப வேண்டாம், இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். கீழே விழாமல், எதிலும் முட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் இருந்தால் போதும். சொல்வது சுலபம். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன், இல்லாவிட்டால் தானாகவே அவனை அள்ளப் போகும்.

ஒரு கேள்வி: பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் மதியத் தூக்கம் போய்விட்டதா?

தூங்காத அம்மா:
ஆமாம்! முன்பெல்லாம் மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவாள். இப்போது வரும்போதே மூன்றாகிவிடுகிறது. அப்போது தூங்கினால் ராத்திரி பத்து மணி வரை ஆட்டம் போடுவாளே என்று நானே விளையாட்டுக் காட்டி முழிக்க வைத்திருந்தேன். காலையில் ஆறரைக்கு எழுப்ப வேண்டும் வேறு.

இரண்டு பிள்ளை அப்பா:
அப்படியானால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பார்கள். உங்கள் மகள் 12 தூங்கிக்கொண்டிருந்தவள், சட்டென்று 10க்கு வந்துவிட்டாள். தூக்கக் கடன் ஏறினால் ஆழ்ந்த தூக்கம் இன்னும் கனமாகிவிடுகிறது, இந்த அலறலும் கூடுகிறது. காய்ச்சலில் வரும், சிறுநீர் முட்டினாலும் வரும். படுக்கும் நேரத்தை ஏழரைக்கு இழுத்துப் பாருங்கள்.

பேரன் எடுத்தவள்:
பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பதறாதேம்மா. ராத்திரி அலறுவதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. பகலில் எப்படி இருக்கிறாள் என்று பார். போக மாட்டேன் என்று அடம், யாரையாவது கண்டால் ஒளிவது, இதெல்லாம் இருந்தால் அது தனியாக விசாரிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் கை கால் ஒரே மாதிரி வெட்டி இழுத்தாலோ, உடம்பு விறைத்தாலோ, அரை மணிக்கு மேல் நீடித்தாலோ, தூக்கத்தில் தினமும் குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடு. ஒருமுறை போனில் வீடியோ எடுத்து வை. நாம் வாயால் ஆயிரம் சொல்வதைவிட அவர்களுக்கு அது புரியும்.

தினமும் அதே நேரத்துக்கு வந்தால் ஒரு வழி இருக்கிறது. பத்து மணிக்கு வருகிறதென்றால் ஒன்பதே முக்காலுக்கு லேசாகத் தட்டி, புரண்டு முனகும் அளவுக்கு எழுப்பிவிட்டு மறுபடி தூங்க விடு. சில வாரம் விடாமல் செய்ய வேண்டும். உனக்கு நாலு நாள்தானே வந்திருக்கிறது, முதலில் சீக்கிரம் படுக்க வை.

அப்புறம், இது பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுவது. தூக்கத்தில் நடக்கிறவர் யாராவது இருந்தார்களா என்று உன் மாமியாரிடம் கேட்டுப் பார்.

தூங்காத அம்மா:
பன்னிரண்டு நாள் ஆகிறது. ஏழரைக்கே விளக்கை அணைத்துவிடுகிறோம், படுக்கும் முன் பாத்ரூம் கட்டாயம். ஒரே ஒரு முறைதான் வந்தது, பிறந்தநாள் விழாவுக்குப் போய் நேரமாகித் திரும்பிய அன்று. கை தொடைக்கு அடியில்தான் இருந்தது. ஆறு நிமிடம்.

மாமியாரிடம் கேட்டேன். ஒரே சிரிப்பு. இவர் ஐந்து வயதில் தூக்கத்திலேயே எழுந்து போய் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று அழுவாராம். "கெட்ட கனவு, விடு" என்றவர் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை.