‘லே மிசரபிள்’: எந்தப் பக்கங்களைத் தாண்டலாம், எதைத் தாண்டக் கூடாது?

பழுப்புத்தாள்:
விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசரபிள்’ (நம்மூரில் ‘ஏழை படும் பாடு’ என்று தெரிந்த அதே கதை) முழு ஆங்கில மொழிபெயர்ப்பில் போய்க்கொண்டிருக்கிறது. முதல் பாகம் விறுவிறு. இரண்டாம் பாகத்தைத் திறந்தால் வாட்டர்லூ போர்! குதிரைப்படை, பீரங்கி, மேடு, பள்ளம் என்று 19 அத்தியாயம். கதாநாயகன் ழான் வல்ழான் தலையையே காணோம். இதைத் தாண்டினால் பின்னால் ஏதாவது புரியாமல் போகுமா? வேறு எங்கெல்லாம் தாண்டலாம்? “எழுத்தாளன் எழுதியிருக்கிறான், நீ படி” என்பவர்கள் தயவுசெய்து காரணத்தோடு சொல்லுங்கள்.

கறையான்:
தாராளமாகத் தாண்டுங்கள், ஆனால் 19ஆம் அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். போர் முடிந்த இரவு, பிணக்குவியலுக்கு நடுவே ஒருவன் செத்தவர்களின் உடைமைகளைத் திருடிக்கொண்டு திரிகிறான். சில பக்கங்கள்தான். அங்கே இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக்கொள்கிறார்கள். மூன்றாம் பாகத்தின் கடைசிப் பிரிவில் மரியுஸ் என்ற இளைஞன் கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுட முடியாமல் தவிக்கும் இடம் வரும். அவன் அப்பா எழுதிவைத்த சீட்டைப் படித்திருந்தால் அந்தத் தயக்கம் புரியும். ஆனால் அதில் இருக்கும் குரூரமான கேலி, இந்த 19ஐப் படித்தவருக்குத்தான் உறைக்கும். முதல் பாகத்தில் தெனார்தியேயின் விடுதி வாசலில், ஒருவன் இன்னொருவனை முதுகில் சுமக்கிற படத்தோடு ஒரு பலகை தொங்கியதே, அதன் கதையும் இங்கேதான் இருக்கிறது.

இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறார் மனுஷன். கதையை நிறுத்திவிட்டு நீளமாக எதையாவது பேசுவார், பேச்சின் கடைசி அத்தியாயத்தில் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். மூன்றாம் பாகம் முதல் பிரிவு பாரிஸ் தெருப் பையன்களைப் பற்றிய 13 அத்தியாயம். பன்னிரண்டு வரைக்கும் பொதுப்பேச்சு, 13இல் காவ்ரோஷ் வருகிறான். நான்காம் பாகம் முதல் பிரிவில் ஆறு அத்தியாயம். ஐந்து வரை 1830 புரட்சியும் லூயி பிலிப் அரசரும், ஆறாவதில் புரட்சிக்கார இளைஞன் என்ஜோல்ராவும் அவன் கூட்டாளிகளும். அதனால் ஒரு பிரிவைத் தாண்டுவதென்றால் முழுசாகத் தாண்டாதீர்கள், வாலை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

வால் இல்லாதவையும் உண்டு. இரண்டாம் பாகம் ஏழாம் பிரிவு, துறவு மடங்கள் பற்றிய எட்டு அத்தியாயம். அதற்குத் தலைப்பே ‘அடைப்புக்குறி’ என்றுதான் வைத்திருக்கிறார். நான்காம் பாகம் ஏழாம் பிரிவு, திருடர் பாஷை பற்றியது, நான்கு அத்தியாயம். பிரெஞ்சுக் கொச்சையை ஆங்கிலத்தில் விளக்கி அதை நாம் படிப்பதில் என்ன மிஞ்சும்? ஐந்தாம் பாகம் இரண்டாம் பிரிவு, பாரிஸ் சாக்கடையின் வரலாறு, ஆறு அத்தியாயம். மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாம். சாக்கடைக்கு மட்டும் ஒரு வார்த்தை: கதை அதற்குள் இறங்குவது அடுத்த பிரிவில்தான், உளைமண் எப்படி ஆளை விழுங்கும் என்பதை அங்கேயே விளக்கிவிடுவார். நாவலை முடித்துவிட்டு வரலாற்றுக்குத் திரும்பி வந்து பாருங்கள், அப்போது அதுவே சுவாரசியம்.

ஒற்றைப்பனை:
கறையான் சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. வாட்டர்லூவை வெறும் போர் வர்ணனை என்று ஒதுக்குவதில்தான் பிரச்சினை. நெப்போலியன் தோற்ற அந்தப் போர் நடந்தது 1815 ஜூன் 18. வல்ழான் சிறையிலிருந்து வெளியே வந்து தீன் ஊருக்குள் நுழைவது அதே வருஷம் அக்டோபரில். ஏழு மாதம் முன்பு நெப்போலியன் பாரிஸுக்குப் போன அதே தெரு வழியாக அவன் நுழைகிறான் என்று முதல் பாகத்திலேயே ஒரு வரி வரும். பேரரசன் விழுந்த வருஷத்தில் ஒரு கைதி எழுகிறான். இந்த இணைகோடுகளைக் கவனித்தவருக்கு வாட்டர்லூ இடைச்செருகலாகத் தெரியாது.

முழுசும் முடியாதென்றால் 9ஆம் அத்தியாயத்தையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒஹேன் பள்ளச்சாலையில் குதிரைப்படை ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற இடம் அது. 19இல் பிணங்கள் ஏன் அங்கே அப்படிக் குவிந்து கிடக்கின்றன என்பது அதைப் படித்தால்தான் விளங்கும்.

மேல்மாடி அலமாரி:
எப்படித் தாண்டுவது என்பதையும் பேசுவோம். பக்கத்தைச் சும்மா புரட்டிக்கொண்டே போனால் கதை திரும்பும் இடமும் கைநழுவிவிடும். ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் பத்தி, கடைசிப் பத்தி, நடுவில் மேற்கோள் குறிகள் தொடங்கும் இடம், இந்த மூன்றையும் பாருங்கள். உரையாடல் தொடங்கினால் பெரும்பாலும் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். விட்ட அத்தியாயத்தின் தலைப்பில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு வையுங்கள். பிறகு தேட வேண்டியதில்லை.

மின்னூலில் படிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘வல்ழான்’ என்று தேடி, பெயர் வருகிற இடத்துக்கு நேராகப் போவார்கள். ஹ்யூகோவிடம் இது பலிக்காது. ஆளைப் பெயர் சொல்லாமல் உள்ளே விடுவதே அவர் வேலை. முதல் பாகத்தில் மதலேன் என்ற மேயர், மூன்றாம் பாகத்தில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நரைத்த தலைக்காரர். தேடுகிற பெயர் அந்தப் பக்கங்களில் அகப்படாது.

இனிமேல் ஆரம்பிக்கிறவர்களுக்கு: முதல் பிரிவு 14 அத்தியாயமும் பிஷப் மிரியேல்தான். பொறுமை போனால் 6ஆம் அத்தியாயத்தையாவது படியுங்கள். பூட்டுத் தாழ்ப்பாள் கழற்றப்பட்ட கதவு, ஆறு செட் வெள்ளிக் கத்தி முள்கரண்டி, இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகள், எல்லாம் அங்கேதான் அறிமுகம். அடுத்த பிரிவில் வல்ழான் வந்து தட்டுகிற கதவு அது.

இதே கணக்கு எல்லா நாவலுக்கும் பொருந்தாது. டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ முடிவுரை இரண்டு பகுதி. முதல் பகுதி குடும்பக் கதை, விடவே கூடாது. இரண்டாம் பகுதியின் 12 அத்தியாயமும் வரலாற்றுத் தத்துவம், ஒரு பாத்திரம்கூட எட்டிப் பார்க்காது. 1873 பதிப்பில் டால்ஸ்டாயே தத்துவப் பகுதிகளைப் பிரித்துப் பின்னிணைப்பாக்கினார். அவரே செய்த காரியத்தை நாம் செய்தால் பாவமில்லை.

பழுப்புத்தாள்:
நன்றி. 9, 19 இரண்டையும் படித்துவிட்டு நகர்கிறேன். ஒரு சந்தேகம்: துறவு மடம், திருடர் பாஷை இரண்டுமே என் பிரதியில் அந்தந்த இடத்தில் காணவில்லை. சுருக்கப் பதிப்பை வாங்கிவிட்டேனோ?

கறையான்:
நார்மன் டென்னி மொழிபெயர்ப்பா பாருங்கள், 1976இல் வந்தது. அவர் அந்த இரண்டு பிரிவுகளையும் எடுத்துப் புத்தகத்தின் கடைசியில் பின்னிணைப்பாக வைத்துவிட்டார். அங்கங்கே வரிகளையும் இறுக்கியிருப்பார், அதனால் அதை அப்படியே முழுப் பதிப்பு என்று சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க இசபெல் ஹாப்குட்டின் 1887 மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் தளத்தில் இலவசம். மொழி கொஞ்சம் பழசு, ஆனால் வெட்டு இல்லை. வேறு எந்தப் பதிப்பானாலும் பொருளடக்கத்தில் அத்தியாயங்களை எண்ணுங்கள்: ஐந்து பாகம், 48 பிரிவு, 365 அத்தியாயம். டென்னியில் இரண்டு பிரிவு பின்னால் போயிருப்பதால் மற்றப் பிரிவுகளின் எண் தள்ளியிருக்கலாம். நாங்கள் மேலே சொன்ன எண்களைத் தலைப்போடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.