50 மைக்ரான் செம்புத் தாளில் வெப்பப் பரவல் அளவு குறைகிறது: உதவி தேவை

வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஸ்வீடன் இயற்பியலாளர் ஆங்ஸ்ட்ரோம் 1861இல் சொன்ன முறையில் (ஒரு முனையில் விட்டுவிட்டுச் சூடேற்றி, வெப்ப அலை நகர்வதை அளப்பது) செம்பின் வெப்பப் பரவல் திறனை, அதாவது சூடு அதில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை, அளக்கிறேன். வரவேண்டியது நொடிக்குச் சுமார் 117 சதுர மி.மீ. எனக்கு 80ஐத் தாண்டவில்லை. மூன்று வாரமாக இதே கதைதான்.

தாள் 50 மைக்ரான், நீளம் 20 செ.மீ., அகலம் 1 செ.மீ. ஒரு முனையில் ஹீட்டர், 10 நொடிக்கு ஒரு வெப்ப அலை. 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு கே வகை தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி உணரி), ஈயப்பற்று வைத்து ஒட்டியது.

ஆடிக் காற்று ஜன்னல் வழியே அடித்ததால் அட்டைப்பெட்டி போட்டு மூடினேன். அளவுகளின் ஆட்டம் நின்றது, மதிப்பு ஏறவில்லை. அலை நேரத்தை 20 நொடியாக்கினேன், இரண்டு தெர்மோகப்பிள்களையும் இடம் மாற்றினேன். பலனில்லை. ஒருநாள் இரவலாகக் கிடைத்த தெர்மல் கேமராவில், பளபளப்பான செம்பில் என் முகச்சூடுதான் தெரிந்தது. பளபளப்பை மறைக்க விளக்குக்கரி பூசுவதற்குள் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

முக்கியமான விஷயம்: அரை மி.மீ. செம்புத் தகட்டில் இதே அமைப்பு 112 காட்டுகிறது. கணக்கில் தவறில்லை. பற்று வைத்த பொட்டு ஒவ்வொன்றும் தாளைவிடப் பலமடங்கு தடிமன். அதுவே வெப்பத்தை உறிஞ்சுகிறது என்று சந்தேகிக்கிறேன்.

கேமரா இல்லாமல், இவ்வளவு மெல்லிய தாளில் தெர்மோகப்பிளை எப்படிப் பொருத்தினால் அளவு கெடாது?