ஏழு மாதமாகப் பதில் இல்லை: வழக்குத் தொடரலாமா?

கரையோரத்தான்: நண்பர்களே, அவசரம். தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில், கரையோரச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறோம். அம்மாவுக்காக வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்ட உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடம் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் "மேசையில் இருக்கிறது" என்கிறார்கள். யாருடைய மேசை என்று சொல்வதில்லை. மறுத்திருந்தாலாவது மேல்முறையீடு செய்திருப்பேன். நீதிமன்றம் போகலாமா?

மூத்தவன்: தம்பி, எத்தனை சதுர மீட்டர்? ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா? கூடுதல் ஆவணம் ஏதும் கேட்டார்களா?

ஓட்டுவீடு: வீடு 60 ஆண்டைக் கடந்ததா? கடந்திருந்தால் மரபுச் சின்னத் துறையின் அனுமதியும் வேண்டும். தாமதம் என்றாலே எனக்கு இந்தச் சந்தேகம்தான் வரும்.

மதுரைக்காரன்: 226ஆம் உறுப்பின் கீழ் ரிட் மனு போடுங்கள்.

விதிநூல்: அது இந்திய அரசமைப்பு ஐயா, இழை எந்த நாட்டைப் பற்றியது என்றாவது பார்த்துவிட்டு எழுதலாம். தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, முடிவெடுக்காமல் இருப்பதையே நீதிமன்றம் மறுஆய்வு செய்யலாம். 1977ஆம் ஆண்டின் கட்டட விதிமுறைச் சட்டமோ 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு 30 நாளும் மற்றவற்றுக்கு 60 நாளும் கெடு வைத்திருப்பதால், தாமதம் நியாயமானதா என்று வாதாடவும் தேவையில்லை. ஆனால் "முடிவெடு" என்றுதான் நீதிமன்றம் உத்தரவிடும். மிக அரிதாகவே தானே அனுமதி வழங்கும்.

மூத்தவன்: மறுஆய்வுக்கு 180 நாள் வரம்பு உண்டே?

விதிநூல்: முடிவே இல்லாதபோது எந்த நாளிலிருந்து எண்ணுவீர்கள்?

மூத்தவன்: கெடு முடிந்த நாளிலிருந்து என்று எதிர்த்தரப்பு வாதிட்டால்? 30உம் 180உம் சேர்த்தால் 210. ஏழு மாதமும் ஏறத்தாழ அதுவே.

விதிநூல்: நிர்வாக நீதிச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் நீட்டிப்புக் கேட்கலாம். அடிப்படை தெரியாமல் பயமுறுத்தாதீர்கள்.

மூத்தவன்: கேட்கலாம், கிடைக்கும் என்று எழுதித் தருவீர்களா? தம்பி, பதில் வரும்வரை அடித்தளம்கூடத் தோண்ட வேண்டாம். ஒப்புதலின்றிக் கட்டுவது குற்றம்.

கரையோரத்தான்: மன்னிக்கவும், பார்க்கத் தாமதமாகிவிட்டது. 44 சதுர மீட்டர். வீடு 1974இல் கட்டியது. ஒப்புகைச் சீட்டின் பின்புறத்தை இன்றுதான் பார்த்தேன்: "கழிவுநீர்க் குழாய் வரைபடம் இல்லை" என்று பென்சிலில் எழுதியிருக்கிறது.

மூத்தவன்: விண்ணப்பமே முழுமையாக வரவில்லை என்பார்கள். வரைபடத்தைக் கொடுத்து, தேதி முத்திரையுடன் புதிய ஒப்புகை வாங்குங்கள். அந்தப் பென்சில் எழுத்தையும் இன்றே படம் பிடித்து வையுங்கள்.

கரையோரத்தான்: திங்கட்கிழமை கொடுக்கிறேன். நன்றி, அண்ணா.