திருச்சி – சிங்கப்பூர்: தூரமும் நேரமும்

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலிருந்து அண்மையில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவர்கள், முதல் விடுப்புக்கு ஊர் செல்லப் பயணச்சீட்டு எடுக்கும்போது ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். சீட்டில் அச்சிட்டிருக்கும் புறப்படும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரத்துடையது. போய்ச்சேரும் நேரம் இந்தியக் கடிகாரத்துடையது. நம் ஊரைவிடச் சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது.

அதனால், இரவு 9 மணிக்குச் சாங்கியில் கிளம்பி 10:30 மணிக்குத் திருச்சியில் இறங்கும் விமானம் ஒன்றரை மணி நேரம்தான் பறப்பதுபோலத் தோன்றும். திருச்சியில் நள்ளிரவு 1 மணிக்கு ஏறிக் காலை 7:30 மணிக்கு இங்கே இறங்கினால் ஆறரை மணி நேரம் ஆனதுபோலத் தோன்றும். இரண்டுமே ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்தான்.

என் முதல் பயணத்தில், "ஒன்பது மணிக்குக் கிளம்புகிறேன், நாலு மணி நேரம் ஆகும்" என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒன்பதை இந்திய நேரமாகவே எடுத்துக்கொண்டு, மன்னார்குடியிலிருந்து காரில் வந்து இரவு 1 மணிக்குச் சேர்ந்தார். நான் 11:30 மணி முதல் பெட்டிகளோடு வாசலில் நின்றிருந்தேன். அவரை அலைய வைத்துவிட்டோமே என்ற வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே பூமிப்பந்தின் மேல் மிகக் குறுகிய வழியாக அளந்தால் சுமார் 2,980 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 1,610 கடல் மைல் வரும். மணிக்கு 830 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக விடை கிடைக்கும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குமுன் வானில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து அதை நான்கு மணி நேரமாக்குகின்றன. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்று வீசுவதால், அந்த மாதங்களில் ஊருக்குப் போகும் விமானத்துக்கு அது துணையாகவும், திரும்பி வரும் விமானத்துக்கு எதிராகவும் அமையும்.

வீட்டார் எப்போது கிளம்ப வேண்டும் என்பதை நீங்களே கணக்கிட்டுச் சொல்லுங்கள். 10:30 மணிக்கு இறங்கினால் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொண்டால், அவர்கள் இந்திய நேரம் 9 மணிக்குப் புறப்பட்டால் போதும். அப்போது நீங்கள் விமானம் ஏறி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். தொலைபேசியில் திருத்திச் சொல்ல வழியிருக்காது. ஆகவே இந்திய நேரத்தை மட்டும், விமான எண்ணோடு, முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.