2009 சிவிக் டைப் ஆர் வாங்கலாமா? ஜோகூர் பாரு (ஜேபி) போகும் வண்டிக்குத் திருட்டுப் பாதுகாப்பு எப்படி?

உட்லண்ட்ஸ் வேலன் (கேள்வி):

வணக்கம். 2009 ஆகஸ்டில் சிங்கப்பூரில் பதிவான ஹோண்டா சிவிக் டைப் ஆர் (மாடல் குறியீடு எஃப்டி2ஆர்) ஒண்ணு பார்த்திருக்கேன். நேரடி உரிமையாளர் விற்கிறார். சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) 2029 ஆகஸ்ட் வரை. 182,000 கி.மீ. ஓடியிருக்கு. காயில்ஓவரும் (உயரம் மாத்தக்கூடிய சஸ்பென்ஷன்) எக்ஸாஸ்ட்டும் மாத்தியிருக்கு. சாவி ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு தொலைஞ்சு போச்சாம்.

வாரக்கடைசியில் ஜேபி பக்கம் ஸ்கூடாய் போகணும். ராத்திரி அங்கே தெருவோரத்தில்தான் வண்டி நிக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் 'ஸ்டார்ட்டர் கட்' (ஸ்டார்ட்டர் மோட்டாரைத் துண்டிக்கிற) சுவிட்ச் போட்டாலே போதும்னு சொல்றாங்க. போதுமா? அதுக்கு முன்னாடி வண்டியில எதெதைப் பார்க்கணும்?

கியர்பெட்டி குமரன்:

தம்பி, சுவிட்சை அப்புறம் பார்ப்போம். முதல்ல இன்ஜின்.

வண்டியைப் பார்க்கப் போறப்ப இன்ஜின் ஆறியிருக்கணும். பானெட்டில் கைவைச்சுப் பாருங்க. சூடா இருந்தா இன்னொரு நாள் காலையில வர்றேன்னு சொல்லிடுங்க. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணின முதல் ஒண்ணு ரெண்டு விநாடியில 'கரகர'ன்னு சத்தம் வந்தா, இன்டேக் கேம் முனையில இருக்கிற விடிசி கியர் (வால்வு திறக்கிற நேரத்தை மாத்துறது) தேய்ஞ்சிருக்கு. சத்தம் நிக்காம தொடர்ந்தா டைமிங் செயினையும் டென்ஷனரையும் சந்தேகப்படணும். இந்த வண்டியோட கே20ஏ இன்ஜினில் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால 'மாத்தவே வேண்டாம்'னு விற்கிறவர் சொல்வார். எண்ணெய் குறைவா ஓடின வண்டியில செயின் நீளும், அதை மறந்துடாதீங்க. டிப்ஸ்டிக்கை நீங்களே உருவிப் பாருங்க.

அடுத்தது கேம்ஷாஃப்ட். வால்வு கவரைக் கழற்ற உரிமையாளர் ஒத்துக்கிட்டா, விடெக்குக்கான (அதிவேகத்தில் வால்வை அதிகமாத் திறக்கிற ஏற்பாடு) பெரிய லோப், அதாவது கேமோட மேடு, மேலே விரல் நகத்தால் தடவுங்க. கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கணும். சொரசொரப்போ குழியோ தட்டுப்பட்டா கேமும் ராக்கரும் சேர்ந்தே போகணும், அந்தச் செலவு லேசானது இல்லை. கவர் திறந்திருக்கும்போதே ஃபீலர் கேஜ் வைச்சு வால்வு இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்க. இந்த இன்ஜினுக்கு அது கையால் சரிசெய்ய வேண்டிய வேலை, தானா சரியாகாது.

கம்ப்ரெஷன் டெஸ்ட் கட்டாயம். ஒவ்வொரு சிலிண்டரும் தனியா காட்டுற அளவைவிட, நாலுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் முக்கியம். 200 கிலோபாஸ்கலுக்குள், அதாவது சுமார் 28 பிஎஸ்ஐக்குள் இருக்கணும்.

ஓட்டிப் பார்க்கும்போது எண்ணெய் நல்லா சூடான பிறகுதான் 6,000 ஆர்பிஎம் தாண்டணும். அந்த இடத்தில் விடெக் மாறுறது காதுக்கும் முதுகுக்கும் தெளிவாத் தெரியணும். ரெண்டுலேர்ந்து மூணுக்கு வேகமாப் போடும்போது பல் உரசுற சத்தம் வந்தா சிங்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்குற வளையம்) தேய்ஞ்சிருக்கு. இந்த ஆறு கியர் பெட்டியில மூணாவதுதான் முதல்ல போகும். எண்ணெய் மாத்தினா சரியாகும்னு சொல்வாங்க. ஹோண்டா எம்டிஎஃப் (மேனுவல் கியர் எண்ணெய்) ஒன்றரை லிட்டர் போலத்தான் பிடிக்கும், மாத்திப் பாக்கலாம். உரசல் குறையலாம், தேய்ஞ்ச பித்தளை திரும்ப வராது.

ஐடிலில் ஸ்டியரிங் நடுங்கினா இன்ஜின் மவுண்ட்டைப் பாருங்க, குறிப்பா டைமிங் செயின் பக்கம் இருக்கிற எண்ணெய் நிரப்பின மவுண்ட். கிழிஞ்சா கறுப்பா ஒழுகியிருக்கும். காயில்ஓவர் இறக்கியிருந்தா பின்டயரின் உள்விளிம்பையும் தடவிப் பாருங்க.

தாள் கணக்கு:

குமரன் அண்ணன் இன்ஜினைச் சொல்லிட்டார். நான் ஆவணங்களைச் சொல்கிறேன்.

திருடர்கள் இந்த வண்டியை விரும்பக் காரணம், முழு வண்டியாக விற்கத் தேவையில்லை என்பதுதான். கே20ஏ இன்ஜினும் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது) உள்ள ஆறு கியர் பெட்டியும் பழைய சிவிக், இன்டெக்ராவில் ஏறிக்கொள்ளும். பிரெம்போ காலிப்பரும் இருக்கைகளும் கழற்றிய அன்றே விலைபோகும். அதனால் வாங்குபவருக்கும் ஒரு கவலை உண்டு: இந்த வண்டியில் இப்போது இருப்பது பதிவான அதே இன்ஜின்தானா? பாடியில் பொறித்த சேஸி எண்ணையும், கியர்பெட்டி சேருமிடத்தில் இன்ஜின் ப்ளாக்கில் உள்ள எண்ணையும், நிலப் போக்குவரத்து ஆணையப் பதிவோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் அரம் தேய்த்த தடமோ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று: சாதாரண 2.0 சிவிக்கும் எஃப்டி2 தான். சேஸி எண் அந்த எழுத்துகளில் தொடங்குவதால் மட்டும் டைப் ஆர் ஆகிவிடாது. பாடி கிட்டும் சிவப்பு முத்திரையும் யாரும் ஒட்டலாம். பதிவில் மாடல் பெயர் டைப் ஆர் என்றே இருக்க வேண்டும்.

இன்ஜின் மாற்றம், டர்போ, எக்ஸாஸ்ட் மாற்றம் எல்லாவற்றுக்கும் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. எக்ஸாஸ்ட்டுக்கு ஒப்புதல் கடிதம் கேளுங்கள். இல்லையென்றால் பழைய ஸ்டாக் எக்ஸாஸ்ட் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்து வயது தாண்டியதால் ஆய்வு ஆண்டுதோறும். வாங்குவதற்கு முன்பே சின் மிங்கில் உள்ள ஆய்வு நிலையத்தில் மதிப்பீட்டுச் சோதனை செய்து பார்த்துவிடலாம்.

பணக் கணக்கு: 1,998 சிசிக்கு அடிப்படைச் சாலை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,210 வெள்ளி. வண்டிக்கு 14 வயது தாண்டிவிட்டதால் 50 விழுக்காடு கூடுதல், ஆக 1,815 வெள்ளி அளவு. சிஓஇ புதுப்பித்தபோதே பார்ஃப் (பதிவு நீக்கும்போது கிடைக்கும் கழிவு) போய்விட்டது. சீக்கிரம் பதிவு நீக்கினால் மீதிக் காலத்துக்கான சிஓஇ தொகை மட்டும் திரும்பும். உரிமையாளர் புதுப்பிக்கக் கட்டிய தொகையை 120ஆல் வகுத்து, மீதி மாதங்களால் பெருக்குங்கள். கட்டியது 36,000 வெள்ளி, மீதி 36 மாதம் என்றால் 10,800. கேட்கும் விலையில் இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வண்டிக்காக நீங்கள் கொடுக்கும் விலை. பத்தாண்டுக்குப் புதுப்பித்ததால் 2029இல் மறுபடி புதுப்பிக்கும் வழியும் இருக்கிறது. ஐந்தாண்டு என்றால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

விஇபியை (வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள் நுழையும் அனுமதி) மறக்காதீர்கள். பழைய உரிமையாளர் தன் பதிவை ரத்து செய்த பிறகுதான் உங்கள் பெயரில் பதிய முடியும். செல்லுபடியாகும் விஇபி இல்லாமல் போனால் 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம்.

பூட்டு வேலை:

வேலன், ஸ்டார்ட்டர் கட் மட்டும் போட்டால் அது பாதிப் பூட்டுதான். இது மேனுவல் வண்டி. ஸ்டார்ட்டர் சுற்றாவிட்டாலும் இரண்டாம் கியரில் தள்ளினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட்டரோடு எரிபொருள் பம்ப்பையும் துண்டிக்க வேண்டும். பம்ப் மட்டும் துண்டித்தால், குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் சில விநாடி ஓடி நின்றுவிடும்.

அதற்கு முன்பே சாவி விஷயத்தை முடிக்கணும். ஒரு சாவிதான் இருக்கிறதென்றால் இன்னொன்று யாரிடமோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹோண்டாவின் கண்டறியும் கருவி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கையில் உள்ளதையும் புதிதாக வெட்டிய ஒன்றையும் மட்டும் பதியச் சொல்லுங்கள். தொலைந்த சாவி கதவைத் திறக்கும், இன்ஜினைக் கிளப்பாது. காப்பீட்டு நிறுவனமும் திருட்டுக்கு இழப்பீடு கேட்கும்போது எல்லாச் சாவிகளையும் கேட்கும், ஒன்றை வைத்துக்கொண்டு பதில் சொல்வது கஷ்டம்.

வாங்கும் முன்பே ஒரு சோதனை. சாவியின் பிளாஸ்டிக் தலையை அலுமினியத் தாளால் இரண்டு மூன்று சுற்று இறுக்கச் சுற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். சாவிக்குள் உள்ள சிப்பை வண்டி படிக்க முடியாது. டாஷில் பச்சைச் சாவி விளக்கு மினுக்கி, இன்ஜின் கிளம்பாமல் இருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் வேலன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து போய்ப் பார்த்தேன். சேஸி எண், இன்ஜின் எண் ரெண்டும் பதிவோட பொருந்துது. கம்ப்ரெஷனில் அதிகபட்ச வித்தியாசம் 70 கிலோபாஸ்கல். மூணாம் கியர் லேசா உரசுது. ஆனா அலுமினியத் தாள் சுத்தியும் இன்ஜின் கிளம்பிடுச்சு! பச்சை விளக்கு எரியவே இல்லை. டாஷுக்குக் கீழே பழைய அலாரம் பெட்டி ஒண்ணு வயர் வயரா தொங்குது. விட்டுடணுமா?

கியர்பெட்டி குமரன்:

கம்ப்ரெஷன் நல்லாவே இருக்கு. உரசலுக்குப் பெட்டியை இறக்கி சிங்க்ரோ மாத்துற செலவை எழுத்தில் வாங்கி, அதை விலையில் கழிச்சுப் பேசுங்க. பெட்டி இறங்கும்போதே கிளட்சும் ரிலீஸ் பேரிங்கும் மாத்திடுங்க, கூலி ஒரே தடவைதான்.

பூட்டு வேலை:

விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் இம்மொபிலைசர் (பதிவான சாவி இல்லாவிட்டால் இன்ஜினைக் கிளப்பவிடாத மின்பூட்டு) உயிரோடு இல்லை. வேறு ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) மாட்டியபோது அணைத்திருப்பார்கள், இல்லை ரிமோட் ஸ்டார்ட்டுக்காக அந்தப் பழைய அலாரம் அதை ஏமாற்றித் தாண்டிப் போகும். அசல் ஈசியூ உரிமையாளரிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் திரும்ப மாட்டி, சாவிகளைப் பதிந்து, அலுமினியத் தாள் சோதனையை மறுபடி செய்யுங்கள். தாள் சுற்றினால் கிளம்பாமல், தாளை எடுத்தபின் பச்சை விளக்கு எரிந்து இரண்டு விநாடியில் அணைந்தால் சரி. இல்லாவிட்டால் ஈசியூவும் சாவியும் சேர்த்து ஆகும் செலவை விலையில் கழிக்கணும்.

பழைய அலாரத்தை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அதன் மேல் புதுசு போடவே கூடாது. இந்த வயது வண்டிகள் திடீரென்று ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கு அந்தத் திருகி டேப் சுற்றிய இணைப்புகள்தான் பெரும்பாலும் காரணம். வெட்டிய அசல் வயர்களைச் சால்டர் செய்து வெப்பச் சுருக்குக் குழாய் போட்டு மூடச் சொல்லுங்கள். பிறகு பம்ப் கட்: 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) ஒன்று பம்ப் லைனில், ஒளித்த சுவிட்ச் ரிலேயின் காயிலை மட்டும் இயக்கும்படி. பம்ப் மின்சாரத்தைச் சிறிய சுவிட்ச் வழியாகவே கொண்டுபோனால் சூடேறிக் கருகும். எக்ஸ்பிரஸ்வேயில் 90இல் போகும்போது இன்ஜின் அணையும், அது திருட்டைவிட ஆபத்து. வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்பும் வேண்டாம்.

ஸ்கூடாய்க்கு: முன்சக்கர இயக்கம் என்பதால் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்துக்கொண்டு போவார்கள். அப்போது கியரின் பிடி போய்விடும், பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக் மட்டும்தான் மிஞ்சும். மூக்கைச் சுவர்ப்பக்கம் வைத்து, சக்கரத்தை முழுக்கத் திருப்பி, ஸ்டியரிங் பூட்டும் பெடல் பூட்டும் போடுங்கள். வண்டி சாய்ந்தால் கத்தும் சென்சார் உள்ள அலாரம் இதற்காகத்தான். ஜிபிஎஸ் டிராக்கர் இரண்டு வையுங்கள்: ஒன்று வண்டி மின்சாரத்தில், இன்னொன்று தனி பேட்டரியில், வேறு இடத்தில். வயர் போட்டதை முதலில் தேடிப் பிடுங்குவார்கள். இரண்டின் சிம்மும் காஸ்வே தாண்டி ரோமிங்கில் வேலை செய்கிறதா என்று அங்கே நின்றே பாருங்கள்.

தாள் கணக்கு:

காயில்ஓவர், எக்ஸாஸ்ட், டிராக்கர் மூன்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். மலேசியாவில் திருட்டுக்குத் தனி எக்சஸ் (இழப்பீட்டில் நாமே ஏற்கும் தொகை) உண்டா, தெருவோர நிறுத்தத்துக்கு நிபந்தனை உண்டா என்று பாலிசி எடுக்கும் முன் கேளுங்கள். தருவது திருட்டு நடந்த நாளின் சந்தை விலை, நீங்கள் கொடுத்த விலை அல்ல.

உட்லண்ட்ஸ் வேலன்:

அசல் ஈசியூ அவர்கிட்ட இருக்கு, பெட்டியோட தர்றாராம். கடைசியா ஒண்ணு: அலாரம், டிராக்கர் எல்லாம் போட்டா வாரநாளில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டையில் சும்மா நிக்கிற வண்டிக்கு பேட்டரி தாங்குமா?

பூட்டு வேலை:

வண்டி தானாக இழுப்பது 30 மில்லிஆம்பியர், அலாரம் 20, டிராக்கர் 10 என்று வைத்தால் மொத்தம் 60. ஒரு நாளைக்கு 1.44 ஆம்பியர்-மணி. பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்றால் பன்னிரண்டு நாளில் பாதி காலியாகும். ஐந்து நாள் நின்றால் பயமில்லை. வேலை முடிந்ததும் கதவை மூடி இருபது நிமிடம் கழித்து நெகட்டிவ் கேபிளில் மீட்டர் போட்டு அளக்கச் சொல்லுங்கள். 80க்கு மேல் காட்டினால் ஏதோ ஒன்று தூங்கப் போகவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவி அதைக் கண்டுபிடித்த பிறகே பணம் கொடுங்கள்.