கைப்பிள்ளையோடு வீட்டிலிருந்தே என்ன செய்யலாம்?

பாம்பன்காரி:
வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறார், ஏப்ரல் 15 வந்தால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வருமானம் அப்படியே நின்றுவிடும். பிள்ளையை விட்டு வெளியே போக முடியாது. கருவாடு போட்டு விற்கலாமா அக்கா?

கீழக்கரை மருமகள்:
விற்கலாம். ஆனால் மணலில் காயப்போடாதே, உயரமாக வலை கட்டிப் பரப்பு. ஈரம் போகாமல் பாக்கெட் போட்டால் பூசணம்தான். என்னைக் கேட்டால் அதைவிட ஓலைக்கொட்டான், அதான் பனையோலைச் சின்னக் கூடை, முடைந்து விற்பது நல்லது. குருத்தோலையைக் கிழித்துச் சாயத்தில் கொதிக்கவைத்து, காய்ந்ததும் பிள்ளை தூங்குகிற நேரத்தில் முடையலாம், கல்யாணத் தாம்பூலத்துக்கு மொத்தமாகவே கேட்பார்கள்.

தொண்டி அக்கா:
நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, மீன்குழம்புப் பொடி அரைத்துக் கொடேன். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு மட்டும் எடுத்துவிடு. அப்புறம், முன்பணம் கட்டினால் பேக்கிங் வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே பிளாக் பண்ணு!

பாம்பன்காரி:
சரி அக்கா. கொட்டானுக்குச் சாயம் எங்கே வாங்குவது?